பத்து நிமிச நாயம்

உக்காருங்க அம்மிணி, பை மடியிலயே இருக்கட்டும், எனக்கு எடைஞ்சல் ஒண்ணுமில்லீங்க. சன்னலோரம் வேணுமா? வேண்டாமா? சரி சரி. திருப்பூரா? நான் கருமத்தம்பட்டிங்க. இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். சித்த பேச்சுத்தொணையாச்சு. காதுல மாட்டியிருந்தத எடுத்துட்டீங்க பாருங்க, அதுக்கே உங்களுக்குப் புண்ணியம். இப்பெல்லாம் பக்கத்துல ஆளு வந்து உக்காந்தா ஆரு எடுக்கறாங்க?

கருமத்தம்பட்டில ஒரு புள்ளையப் பாக்கப் போறனுங்க. புள்ளைன்னா சின்னப் புள்ளையில்ல, நாப்பத்தியொரு வயசு. ஜெயசீலின்னு பேரு. எங்க கம்பெனில வேல செஞ்சா. இப்ப இல்ல, எடுத்துட்டாங்க. எடுத்ததுக்குக் காரணம் நான் எழுதுன தாளு. அது அவளுக்கு இன்னும் தெரியாது. அதச் சொல்லத்தான் போறேன். சொன்னதுக்கப்பறம் எங்கூடப் பேசுவாளா, மூஞ்சில அடிச்ச மாதிரி கதவச் சாத்துவாளான்னு தெரியலீங்க. ஆனா ஒண்ணு சொல்லிப்போடறேன். நான் தப்புப் பண்ணல. எனக்குக் குடுத்த வேலையச் செஞ்சேன். முழுசாக் கேட்டுப்போட்டு நீங்களே சொல்லுங்க.

கம்பெனி பேரு வேண்டாம் விடுங்க. பீளமேட்டுப் பக்கம், தண்ணி மோட்டார் செய்யறாங்க. முன்னூறு பேரு. அங்க டைம் ஆபீஸ்ல இருவத்திரெண்டு வருசம் இருந்தேன். ஆரு வந்தா, ஆரு லீவு, ஆரு அஞ்சு நிமிசம் லேட்டு, அத்தனையும் எம்பட வெரல் நுனில. காத்தால கார்டு போட வாரவங்க ஒவ்வொருத்தரும் "வணக்கம் மேடம்"னு ஒரு வார்த்த சொல்லீட்டுத்தான் உள்ள போவாங்க. ஒரு நாளைக்கு முன்னூறு வணக்கம் அம்மிணி! எந்தக் கலெக்டருக்குக் கெடைக்கும்? அப்பறம் வெரல் வெக்கற மிசினு வந்துச்சு. மிசினுக்கு ஆரு வணக்கம் சொல்லுவா? வெரல அழுத்தீட்டு நேராப் போயிருவாங்க. நான் கண்ணாடிக்குப் பின்னால சும்மா உக்காந்திருப்பேன். மூணு மாசம் அப்படி உக்காந்திருந்தேன்.

அப்பத்தான் எச்.ஆர். நிரஞ்சன் சார் கூப்பிட்டாரு. சின்ன வயசு, முப்பத்திரெண்டு இருக்கும். "மரகதம் மேடம், உங்களுக்கு ஒரு புதுப் பொறுப்பு"ன்னாரு. பணியாளர் நலவாழ்வு ஒருங்கிணைப்பாளர். அட்டையில அச்சடிச்சுக் கழுத்துல மாட்டிவிட்டாங்க. பொம்பளைங்க வாயில அது நொழையல. "சந்தோச மேடம்"னு பேரு வெச்சுட்டாங்க. கிண்டல்தான். நான் கண்டுக்கறதில்ல.

ரெண்டு நாள் ட்ரெயினிங்குங்க. பெங்களூர்லருந்து ஒரு அம்மா வந்து நடத்துனாங்க. பாசிட்டிவ் சைக்காலஜின்னு அதுக்குப் பேரு. மனுசனுக்கு என்ன கோளாறுன்னு தோண்டாம, அவன் நல்லா இருக்கறதுக்கு என்ன வேணும்னு பாக்கறது. நல்ல படிப்புங்க, நான் கொற சொல்ல மாட்டேன். படுக்கறதுக்கு முன்னால அன்னைக்கி நடந்த நல்லது மூணு எழுதச் சொன்னாங்க. இன்னும் எழுதறேன். நேத்துக் கூட எழுதினேன். தண்ணி வந்துச்சு. ரசம் நல்லா இருந்துச்சு. மூணாவது என்ன யோசிச்சும் வரல. மறுபடியும் தண்ணின்னே எழுதிட்டேன்.

அந்தம்மா சொல்லித்தான் கேண்டீன் வாசல்ல பலகை வெச்சது. எல்லாத்து பேரும் இருக்கும். காத்தால வந்ததும் அவங்கவங்க பேருக்கு நேரா காந்த வில்ல ஒண்ணு ஒட்டோணும். பச்சைன்னா மனசு நல்லா இருக்குது. மஞ்சள்னா சுமாரு. செவப்புன்னா சரியில்ல. செவப்பு வெச்சவங்ககிட்ட அன்னைக்கே நான் போயி பத்து நிமிசம் உக்காந்து பேசோணும். வேலைய நிறுத்தீட்டு, கம்பெனி நேரத்துல. பத்து நிமிச நாயம்னு சொல்லுவாங்க பொம்பளைங்க. நீங்க எந்தூரு? மாயவரமா? அதானே பாத்தேன், பேச்சு வேற மாதிரி இருக்குதேன்னு. எங்க பக்கத்துல சும்மா உக்காந்து பேசறத நாயம் பேசறதும்பாங்க. அதுதான் எம்பட உத்தியோகம். எம்பட பேரு மட்டும் பலகையில இல்ல. ஒருங்கிணைப்பாளருக்கு வில்ல கெடையாதுங்க.

மொத நாளு எத்தன செவப்புன்னு நெனைக்கறீங்க? நூத்திப் பத்து! அடக் கடவுளே, இத்தன பேரா வெசனத்துல இருக்கறாங்கன்னு. ஒரு பயலுக்கும் வெசனமில்ல. பத்து நிமிசம் ஓசில உக்காரலாம்னு வெச்சிருக்கறானுங்க. லேத்துல நிக்கற ஒருத்தங்கிட்ட, "என்னப்பா கஷ்டம், மனசு விட்டுச் சொல்லு"ன்னேன். "கஷ்டமெல்லாம் இல்லீங் மேடம், எட்டு மணி நேரம் நின்னு நின்னு காலு கடுக்குது, உக்காரத்தான் வெச்சேன்"னான். ட்ரெயினிங்ல சொன்னது ஞாபகம் வந்துச்சு. "கடுக்கறதுக்குக் காலுன்னு ஒண்ணு இருக்குதேன்னு நெனச்சுப் பாரு, எத்தனையோ பேருக்கு அதுவும் இல்ல"ன்னேன். அவன் என்னைய ஒரு மாதிரியாப் பாத்தான். இருந்தாலும் ரிப்போர்ட்ல எழுதி வெச்சேன், நேர்மறைச் சிந்தனை ஊட்டப்பட்டதுன்னு.

சூப்பர்வைசருங்க குதிச்சாங்க. பொருளு வெளிய போகோணுமில்லீங்களா? நிரஞ்சன் சார் ஒரு நோட்டீசு ஒட்டினாரு, தொடர்ந்து செவப்பு வெக்கறவங்க எச்.ஆர். ரூமுக்கு வந்து வெளக்கம் சொல்லோணும்னு. அவ்வளவுதான். மறு நாளே பலகை பச்சப்பசேல்னு ஆயிருச்சு. நெல்லு நட்ட வயலாட்டம். அதப் போட்டோ எடுத்து ஹெட் ஆபீசுக்கு அனுப்பி, எனக்குக் கேடயம் ஒண்ணு குடுத்தாங்க. ஆனா செவப்பே இல்லைன்னா நான் ஆருகிட்டப் போயிப் பேசறது? கேடயத்த மேசை மேல வெச்சுக்கிட்டு மறுபடியும் கண்ணாடிக்குப் பின்னால சும்மா உக்காந்திருந்தேன்.

இது ஹோப் காலேஜ்ங்களா? இங்க எப்பவுமே நெரிசல்தான். இந்தச் சிக்னல் தாண்டிட்டா பறந்துருவான்.

மாசி மாசம்னு நெனைக்கறேன். ஒரு நாள் காத்தால பலகையப் பாக்கறேன், பச்சைக்கு நடுவுல ஒரே ஒரு செவப்பு. ஜெயசீலி. வைண்டிங் செக்சன். மோட்டாருக்குள்ள செம்புக்கம்பியச் சுருளு சுத்தி எறக்கறாங்கல்ல, அந்த வேல. கண்ண மூடீட்டே எறக்குவா, அப்படி ஒரு கை. எனக்குச் சந்தோசம்னா சந்தோசம். அதாவது, வேல வந்துருச்சுன்னு. பதினோரு மணி டீ முடிஞ்சதும் போனேன். வார்னிஷ் ரூமுக்குப் பக்கத்துல ஒரு பெஞ்சு கெடக்கும். அங்க உக்காந்தோம்.

"என்ன ஜெயசீலி, என்ன வெசனம்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங் மேடம், சும்மாத்தான். நீங்க சாப்ட்டீங்களா?"

சாப்பிட்டாச்சுன்னேன். "என்ன ஆக்குனீங்க?"ன்னா. ஒண்ணுமில்ல, நேத்து வெச்ச கொழம்புதான்னேன். "ஏன் மேடம், ஒடம்புக்கு ஆகுமா?"ன்னா. இப்படியே பத்து நிமிசம் ஓடிப்போச்சு. மறு நாளும் செவப்பு. அதுக்கு மறு நாளும் செவப்பு. ஒரே ஒரு செவப்புதானேன்னு நிரஞ்சன் சாரும் அவளக் கூப்பிட்டு விசாரிக்கல. ஆனா வாயத் தொறந்து ஒரு கொறை சொல்ல மாட்டீங்கறா. அப்படி ஒரு அழுத்தக்காரி.

இந்த மாதிரி ஆளுங்கள எப்படிப் பேச வெக்கறதுன்னு ட்ரெயினிங்ல சொல்லீருக்கறாங்க. நம்ம கதையக் கொஞ்சம் சொன்னா அவங்களும் மனசத் தொறப்பாங்களாம். அது ஒரு டெக்னிக்குங்க. அதனால நான் சொல்ல ஆரம்பிச்சேன். எங்கம்மா போயி ரெண்டு வருசமாச்சு. சிங்காநல்லூர்ல வீடு, கீழ் போர்சன், நான் ஒருத்திதான். கல்யாணம் ஆகல, அம்மாவப் பாத்துட்டே இருந்ததுல அது அப்படியே தள்ளிப் போச்சு. தம்பி பூனால இருக்கறான், தீவாளிக்குப் போன் பண்ணுவான். ஒருத்திக்குச் சோறாக்கறது மாதிரி தொந்தரவு ஒண்ணு இல்லீங்க, அரை டம்ளர் அரிசி போட்டாலும் மிஞ்சும். டிவிய வெச்சுட்டே தூங்குவேன், ஆளு பேசற சத்தம் கேட்டுட்டு இருக்கட்டும்னு. ஞாயித்துக்கெழமை எனக்குப் புடிக்காது. இதெல்லாம் அவகிட்டச் சொன்னேன். அவளப் பேச வெக்கறதுக்காக. கவனிச்சுக் கேப்பா. கையில டீ டம்ளர் ஆறிப்போயி ஆடை கட்டியிருக்கும், அது பாட்டுக்குக் கேட்டுட்டிருப்பா. நடுவுல ஒரு கேள்வி. "அம்மாவுக்கு என்னங் மேடம் புடிக்கும்?" "தம்பி சம்சாரம் பேசாதுங்களா?" அதுக்குப் பதில் சொல்லீட்டுப் பாத்தா இருவது நிமிசம் ஆகியிருக்கும்.

அவ வீட்ல எத்தன பேருன்னு நெனைக்கறீங்க? புருசன், மூணு புள்ளைங்க, மாமியா, கண்ணாலமாகாத நாத்தனா. ரெண்டு ரூமு. சாப்பாட்டுப் பாக்ஸ்ல எனக்குன்னு ஒரு மூடி தனியாக் கொண்டாருவா. நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு, மொச்சக்கொட்டப் பொரியல். ஒரு நாள், "ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூச முடிஞ்சு நாங்க சும்மாதான் இருப்போம், வீட்டுக்கு வாங்க மேடம்"னு கூப்பிட்டா. அதெல்லாம் கூடாது ஜெயசீலி, நமக்குள்ள ஒரு எடைவெளி இருக்கோணும், அதுதான் இந்த வேலைக்கு மொறைன்னு சொல்லீட்டேன். அவ சிரிச்சா. சிரிக்கறதுக்கு அதுல என்ன இருக்குது?

பக்கத்து சீட்டு பழனாத்தா ஒரு நாள் என்னைய வெச்சுட்டே கேட்டா, "ஏன்டி, செவப்பு உனக்கா, சந்தோச மேடத்துக்கா?" ஜெயசீலி அவ தொடையில ஒரு கிள்ளு வெச்சா. நான் அதக் கண்டுக்கல. பழனாத்தா வாயி அப்படித்தான். அவதான் இன்னொண்ணும் சொன்னா. எங்கூட உக்காந்த நேரத்துல சுத்தாம விட்டத, ஜெயசீலி சாப்பாட்டு நேரத்துல உக்காந்து சுத்தி ஈடுகட்டுவாளாம். கம்பெனி நேரத்துலதானே உக்காரச் சொல்லீருக்குது, அவள ஆரு ஈடுகட்டச் சொன்னது? அப்படித்தான் நெனச்சேன். வேற மாதிரி நெனைக்கத் தோணல.

சரி, தாளுக்கு வாரேன். அதுதானே வெனையே.

ஒவ்வொரு நாயத்துக்கும் ஒரு படிவம் எழுதோணும். மேல பேரு, செக்சன், தேதி. கீழ, "இன்று பகிர்ந்துகொள்ளப்பட்டவை"ன்னு போட்டு ஆறு வரி. ஆறு வரியும் நெரப்போணும், இல்லைன்னா நிரஞ்சன் சார் திருப்பி அனுப்பிருவாரு. நான் என்ன எழுதறது? "சாப்ட்டீங்களான்னு கேட்டாள்"னு எழுத முடியுங்களா? அதனால பேசுனத எழுதினேன். வீட்டில் பேச ஆள் இல்லை. தொலைக்காட்சி ஓடாவிட்டால் தூக்கம் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் பயமாக இருக்கிறது. இப்படி. பொய்யில்லீங்க அம்மிணி, அத்தனையும் அந்தப் பெஞ்சுல பேசுனதுதான். பேசுனது ஆருன்னு படிவத்துல தனியாக் கேக்கல.

நீங்க அப்படிப் பாக்காதீங்க. எழுதறப்ப எனக்கு அது தப்பாவே தெரியல. எழுதி முடிச்சுட்டு, பாவம் இந்தப் புள்ள, இத்தன வெசனத்தையும் உள்ள வெச்சுட்டுச் சிரிச்சுட்டுத் திரியுதேன்னு நான் கண்ணத் தொடச்சிருக்கறேன். நெசமாத்தான்.

இப்படி எரநூறு தாளு கிட்டச் சேந்துச்சு. புரட்டாசில கம்பெனிக்கு மிசினு வந்துச்சு, தானாக் கம்பி சுத்தறது. வைண்டிங்ல எட்டுப் பேரக் கொறைக்கோணும்னு மேல இருந்து உத்தரவு. ஒரு நாள் நிரஞ்சன் சார் கூப்பிட்டு உக்காரச் சொன்னாரு. மேசை மேல என்னோட ஃபைலு. "மேடம், உங்க ரிப்போர்ட்டெல்லாம் அற்புதம், இவ்வளவு ஆழமா ஆரும் எழுத மாட்டாங்க"ன்னாரு. எனக்குப் பெருமையா இருந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். அப்பறம் ஒரு தாள எடுத்துப் படிச்சாரு. அடுத்தவங்க வாயில அதக் கேக்கறப்ப என்னமோ மாதிரி இருந்துச்சுங்க. படிச்சுப்போட்டு, "புருசன், மூணு புள்ளைங்க, மாமியா, நாத்தனா. இத்தன பேரு இருந்தும் வீட்ல பேச ஆளில்லைன்னு எட்டு மாசமா ஒருத்தி சொல்றான்னா, இது சாதாரணக் கவலையில்ல மேடம். மனசுல கோளாறு. நாளைக்கு இங்க வேல செய்யறப்ப ஏதாச்சும் பண்ணிக்கிட்டா ஆரு பொறுப்பு? எட்டுப் பேருல மொத பேரு இவதான்"னாரு.



"நீங்க எழுதுனதெல்லாம் சரிதானுங்களே மேடம்? ஜெயசீலி சொன்னதுதானே?"ன்னு கேட்டாரு. நேராக் கேட்டாரு அம்மிணி. அந்த மனுசன் மேல தப்புச் சொல்ல முடியாது. எதுக்க உக்காந்து, மூஞ்சியப் பாத்துக் கேட்டாரு. இல்லீங் சார், அது அவ சொன்னதில்ல, நான் சொன்னதுன்னு ஒரு வார்த்த. அவ்வளவுதான் வேணும். ஆனா சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? மனசுல கோளாறுன்னு எம்பட பேர எழுதியிருப்பாரு. அம்பத்தி நாலு வயசு. கழுத்துல மாட்டுன அட்டையக் கழட்டிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிரோணும். வீட்டுக்குப் போயி என்ன பண்றது? ஏழு நாளும் ஞாயித்துக்கெழம ஆயிருமே.

"சரிங் சார்"னு சொன்னேன்.

தப்புப் பண்ணலைன்னு மொதல்ல சொன்னேன்ல. இது ஒண்ணு இருக்குது.

சின்னியம்பாளையம் தாண்டிட்டானா? சொன்னேன்ல, பறப்பான்னு. கொஞ்சம் மெதுவாப் போனாத்தான் என்ன.

போற அன்னைக்கி ஜெயசீலி டைம் ஆபீஸுக்கு வந்தா. செட்டில்மெண்டு பேப்பர்ல கையெழுத்துப் போட்டுப்போட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்னா. திட்டப் போறான்னு நெனச்சேன். அழுவான்னு நெனச்சேன். எட்டுப் பேருல அவ ஒருத்தின்னுதான் அவளுக்குத் தெரியும், ஏன்னு ஆரும் சொல்லல. கண்ணாடில ஒரு ஓட்ட இருக்கும், பேசறதுக்கு. அதுக்குக் கிட்ட வாய வெச்சுக் கேட்டா.

"நான் போயிட்டா நீங்க ஆருகூட மேடம் பேசுவீங்க?"

வேல போனவ கேக்கற கேள்விங்களா இது? சொல்லுங்க.

நான் சிரிச்சேன். "எனக்கென்ன ஜெயசீலி, முன்னூறு பேரு இருக்கறாங்க, நான் பாத்துக்கறேன். நீ உம்பட பொழப்பப் பாரு"ன்னேன். தலையாட்டீட்டுப் போயிட்டா. மறு நாள் பலகை முழுக்கப் பச்ச. பதினோரு மணிக்கு நான் பாட்டுக்கு வார்னிஷ் ரூம் பெஞ்சுக்குப் போயி உக்காந்துட்டேன். காலு தானாப் போயிருச்சு. சூப்பர்வைசர் வந்து, "மேடம், இங்க மிசினு வைக்கோணும், பெஞ்ச எடுக்கறோம்"னாரு. எந்திரிச்சேன். எடுத்துட்டுப் போயிட்டாங்க. அப்பத்தான் பழனாத்தா அன்னைக்கிக் கேட்டதுக்கு எனக்கு அர்த்தம் தெரிஞ்சுது. எட்டு மாசமா அவளுக்கு ஒரு வெசனமும் இருந்ததில்லீங்க. கண்ணாடிக்குப் பின்னால ஒருத்தி சும்மா உக்காந்திருக்கறதப் பாத்துட்டு, எச்.ஆர். ரூமுக்குக் கூப்பிட்டாலும் கூப்பிடட்டும்னு தெனமும் செவப்பு வெச்சிருக்கறா. என்னைய வந்து பேச வெக்கறதுக்கு.

அதோட முடிஞ்சுதா? இல்ல. நீலாம்பூர்ல ஒரு மோட்டார் கம்பெனில வேல கேட்டுப் போயிருக்கறா. அவிங்க எங்க ஆபீஸுக்குப் போன் பண்ணி விசாரிச்சாங்க. நான் பக்கத்து சீட்டுலதான் இருந்தேன். நிரஞ்சன் சார் சொல்றாரு, "வேலயில சுத்தம், கை நல்ல வேகம். ஆனா மனசு சரியில்லைங்க, எங்ககிட்ட ரிப்போர்ட் இருக்குது." போன வெச்சுட்டு என்னையப் பாத்துத் தலையாட்டறாரு, நல்லது பண்ணுன மாதிரி. அந்த வேல அவளுக்குக் கெடைக்கல. அடுத்த எடத்துலயும் அதே கததான். மூத்த புள்ளைய நர்சிங் படிப்புல இருந்து நிறுத்தப் போறாங்கன்னு பழனாத்தா சொன்னா.

அன்னைக்கி வீட்டுக்குப் போயி ஒரு லெட்டர் எழுதினேன். டிவிய அமத்தீட்டு எழுதினேன். மரகதமாகிய நான் எழுதிக்கொடுப்பது என்னவென்றால், இத்துடன் குறிப்பிடும் தேதிகளில் ஜெயசீலி பெயரில் உள்ள அறிக்கைகளில் சொல்லப்பட்டிருக்கும் மனநிலை என்னுடையது, ஜெயசீலி நல்ல மனநலத்துடன் இருக்கிறார், எட்டு மாத காலம் என்னை அவர்தான் கவனித்துக்கொண்டார். இதான். கையெழுத்துப் போட்டு மூணு காப்பி. ஒண்ணு நிரஞ்சன் சாருக்கு, ஒண்ணு நீலாம்பூர்க் கம்பெனிக்கு, ஒண்ணு அவளுக்கு. அவ படிச்சதுக்கப்பறம்தான் மத்தது ரெண்டையும் குடுக்கோணும்னு வெச்சிருக்கறேன். ஆரோ சொல்லி அவளுக்குத் தெரியக் கூடாதுங்க. என் வாயால தெரியோணும். குடுத்துட்டா எனக்கு வேல இருக்காது. அது தெரிஞ்சுதான் எழுதினேன்.

என்னது? ஆமாங்க, அதோ தெரியுது பாருங்க சர்ச்சு கோபுரம். கருமத்தம்பட்டி வந்துருச்சு.

இந்தக் கண்டக்டர் வேற. கேட்டீங்களா, என்ன சொல்றான்னு? "ஏனுங்க்கா, இன்னைக்காச்சும் எறங்குவீங்களா, இல்ல அவினாசிக்கு டிக்கெட் போடட்டுமா?"

உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது. நாலாவது ஞாயித்துக்கெழமைங்க இது. மூணு வாரமும் இதே பஸ்சு. மூணு வாரமும் எறங்கல. கேக்கு வாங்கீட்டு வருவேன், அவினாசி வரைக்கும் போயி ஒரு டீயக் குடிச்சுட்டுத் திரும்பி வந்துருவேன். கேக்க நானே வெச்சு நாலு நாளைக்குத் தின்பேன். மொத வாரம் பக்கத்துல கைக்கொழந்தக்காரி ஒருத்தி, அடுத்து ஒரு வாத்தியாரு, போன வாரம் பஞ்சாயத்து ஆபீஸ்ல வேல செய்யற அம்மா. மூணு பேருகிட்டயும் இந்தக் கதையச் சொன்னேன். மூணு பேரும், "உங்க மேல தப்பில்லம்மா, கம்பெனிக்காரங்க பண்ணுனதுக்கு நீங்க என்ன செய்வீங்க"ன்னாங்க. அதக் கேட்டதும் நிம்மதியாயிரும். அப்பறம் எதுக்கு எறங்கறது?

ஆனா அவங்க மூணு பேருகிட்டயும், நிரஞ்சன் சார் நேராக் கேட்டதையும் நான் "சரிங் சார்"னதையும் சொல்லலீங்க. எப்படியோ உங்ககிட்ட வாயில வந்துருச்சு. நீங்க ஒண்ணுஞ் சொல்ல மாட்டீங்கறீங்க. தப்பில்லைன்னும் சொல்லல, தப்புன்னும் சொல்லல. அந்தப் புள்ள மாதிரியே உக்காந்து கேட்டுட்டிருக்கறீங்க.

எனக்கு ஆருமில்லீங்க அம்மிணி. முன்னூறு பேருன்னு அவகிட்டச் சொன்னேனே, ஒருத்தருமில்ல. சாப்ட்டியான்னு கேக்க இந்தக் கோயமுத்தூர்ல எனக்கு இருந்தது அவ ஒருத்திதான், அவ சோத்துல நானே மண்ணப் போட்டுட்டேன். மொதல்ல அவ கேட்டதுக்குப் பதிலச் சொல்றேன், உன்னைய விட்டா எனக்குப் பேச ஆளில்ல ஜெயசீலின்னு. அப்பறம் லெட்டரக் குடுக்கறேன். படிச்சுப்போட்டுக் கதவச் சாத்துனாச் சாத்தட்டும். அவளுக்கு வேல கெடைக்கோணும்.

கொஞ்சம் காலை மடக்குங்க அம்மிணி. கீழ இருக்கற எம்பட பைய எடுத்துக் குடுங்க, கேக்கு நசுங்கிராம.

கண்டக்டரே, விசிலடிச்சுராதீங்க. ஆளு எறங்குது.